கொங்கர்கோன் பெயரில் ஒரு லண்டன் பாட்டு

1996 நவம்பரில் குலா ஷேக்கர் என்ற லண்டன் ராக் இசைக்குழு ‘கோவிந்தா’ என்றொரு பாட்டை வெளியிட்டது. மின்கிட்டார் முழங்க, தொடக்கம் முதல் முடிவு வரை சமஸ்கிருதத்திலேயே பாடிய பாட்டு. பிரிட்டன் தரவரிசையில் 7ஆம் இடம் வரை ஏறியது. அதற்கு முன்பே, 1970இல், பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் தயாரிக்க, லண்டன் ராதாகிருஷ்ணர் கோயில் பக்தர்கள் பாடிய ‘கோவிந்தா’வும் அதே தரவரிசையில் இடம்பிடித்திருந்தது. கொங்கு நாட்டுக் காரமடையில் வளர்ந்த எனக்கு இந்தப் பாட்டுகள் மேல் தீராத பிரியம் உண்டு.

குலா ஷேக்கர் என்ற பெயரே குலசேகரரிடமிருந்து வந்ததுதான். சேர மன்னர், பன்னிரு ஆழ்வார்களில் ஒருவர். பெருமாள் திருமொழியின் முதல் மூன்று பதிகங்களும் திருவரங்கத்து அரங்கனுக்கே. மூன்றாவதை முடிக்கும்போது தன்னை அரங்கன்மேல் பித்துப் பிடித்தவன் என்கிறார்; அதே மூச்சில் கொங்கர்கோன் என்றும் சொல்லிக்கொள்கிறார். எங்கள் சீமையைத் தன் பெயரோடு சேர்த்துச் சொன்னவர் பெயரைத்தான் லண்டன் பிள்ளைகள் தங்கள் குழுவுக்கு வைத்தார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் மனசு நிறைந்துபோகிறது.

காரமடை அரங்கநாதருக்கு மாசி மகத்தில் தேர். நெற்றியில் பட்டையாக நாமமிட்ட தாசர்கள் ஊர் ஊராக வந்து சேர்வார்கள். சங்கு ஊதும், சேகண்டி ஒலிக்கும், கையில் எரியும் பந்தத்தோடு ஆடிவருவார்கள். ‘ரங்கா பராக், கோவிந்தா பராக்’ என்று ஒருவர் குரல் கொடுத்தால் வீதியே வாங்கிச் சொல்லும். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாம். இடுப்பில் இருக்கும் குழந்தைகூட இரண்டாம் முறை சேர்ந்துகொள்ளும். லண்டன் பாட்டு ஏறியதற்கும் காரணம் இதுவே என்பேன். அர்த்தம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களால் அதைக் கூடவே பாட முடிந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிடுவதற்கென்றே அமைந்த பெயர் கோவிந்தா. அதை மொழிபெயர்க்காமல் அப்படியே பாடிய துணிச்சலுக்கு அந்தக் குழுவைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் நம் தாசர்களின் குரலை அளக்க எந்தத் தரவரிசையும் தேவையில்லை. அந்த அளவுகோலைக் குலசேகரரே தந்துவிட்டார். ஆடிப்பாடி அரங்கனை அழைக்கும் தொண்டர்களின் பாதத்தூளியில் ஆடக் கிடைத்தால், கங்கையில் நீராடும் ஆசை எதற்கு என்று கேட்கிறார். முடிசூடிய மன்னன், தெருவில் கூப்பிட்டு ஆடுகிறவரைத் தனக்கு மேலே வைத்த இடம் அது.

லண்டன் பாட்டை எந்த நேரமும் கேட்கலாம், பதிவு இருக்கிறது. பந்தம் பிடித்துக் குரல் கொடுக்கும் முதிய தாசரின் குரலும் அப்படியே நிற்க வேண்டும். வரும் மாசித் தேருக்குப் போகும் இளைஞர்கள், அவரிடம் கேட்டு, அவர் பெயரோடும் ஊரோடும் அதைப் பதிவுசெய்து வையுங்கள்.