சர்க்கரை எவ்வளவு?



நமக்கு நீரிழிவு நோய் கண்டு ஒன்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இதனை மறைக்க நாம் முயன்றதில்லை, முயன்றிருந்தாலும் இயன்றிராது. காஞ்சிபுரம் போன்றதோர் ஊரில், வீடு சந்திக்கச் சென்ற குருவானவர் சர்க்கரையில்லாக் காப்பி கேட்டால், அச்செய்தி அடுத்த ஞாயிறு பூசைக்குள் பங்கு முழுவதும் பரவிவிடும். அன்று தொட்டு நம்மிடம் நலம் விசாரிப்போரின் சொல்லே மாறிப்போயிற்று. "சாமி, சௌக்கியமா?" என்று கேட்டவர்கள், "சாமி, சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்கலாயினர். நாம் எண்ணைச் சொன்னதும் கேட்டவர் முகத்தில் ஒரு தீர்ப்பு எழும். குறைந்திருந்தால் தேர்ச்சி, கூடியிருந்தால், "போன வாரம் கல்யாண வீட்டுப் பாயசமா சாமி?" என்று ஒரு சிரிப்பு. அன்பினால் கேட்பதே என்பதை அறிவோம். எனினும், ஐம்பது வயதைக் கடந்த பின்னும் மதிப்பெண் அட்டையை நீட்டி நிற்கும் பள்ளி மாணவனின் நிலை இனிமையானதன்று.

இந்நோயின் பெயரைப் பற்றி ஒரு சொல். இழிதல் என்பதற்குக் கீழிறங்குதல் என்பதே பழம்பொருள். மலையினின்று அருவி இழியும் என்பர். சிறுநீர் மிகுதியாய்க் கழிவது கண்டு முன்னோர் இட்ட பெயர் நீரிழிவு. அதில் பழி ஏதுமில்லை. ஆனால் இன்றைய செவிக்கு இழிவு என்றால் அவமானம். நோயுற்றோரைச் சந்தித்துவரும் இத்தனை ஆண்டுகளில், பலருடைய நெஞ்சிலும் அச்சொல் இரண்டாம் பொருளிலேயே ஒலிப்பதைக் கண்டிருக்கிறோம். காய்ச்சலில் கிடப்பவனை யாரும் குற்றம் சொல்வதில்லை. நீரிழிவுக்காரரை மட்டும் வாயைக் கட்டத் தெரியாதவர் என்கிறோம். அவர் எதிரிலேயே சொல்கிறோம்.

உண்மை வேறு. உணவிலுள்ள சர்க்கரையை உடலின் திசுக்கள் எரித்துப் பயன்படுத்துவதற்குக் கணையம் சுரக்கும் இன்சுலின் வேண்டும். அது போதாமற்போயினும், போதிய அளவு சுரந்தும் உடல் அதற்கு இணங்காமற்போயினும், சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கிவிடும். இதற்குப் பிறப்புவழி ஒரு காரணம். வயது ஒரு காரணம். உட்கார்ந்த தொழில் ஒரு காரணம். வயிற்றில் சேரும் கொழுப்பு ஒரு காரணம். ஐரோப்பியரைக் காட்டிலும் நம் நாட்டவருக்கு இளவயதிலேயே, உடல் அவ்வளவாகப் பருக்காதபோதே, இந்நோய் வந்துவிடுகிறது. சிறுபிள்ளைகளுக்கு வரும் வகையோ உடலின் காவற்படையே கணையத்தைத் தாக்குவதால் வருவது. இனிப்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அப்படியிருக்க, "நீதானே மிட்டாய் வாங்கிக் கொடுத்தாய்" என்று தாயைக் குத்திக் காட்டும் உறவினரை என்னென்பது! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடெங்கும் நடந்த ஆய்வு 2023ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் கணக்குப்படி இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10.1 கோடி; அதன் வாயிலில் நிற்போர் மேலும் 13.6 கோடி. இத்தனை கோடி மக்களும் நாவடக்கம் அற்றவர்கள்தாமோ?

பழிச்சொல் ஒருவரை என்ன செய்கிறது என்பதை நமக்குக் காட்டியவர் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஒருவர். நம் பங்கைச் சேர்ந்தவரல்லர், நெடுநாளைய நண்பர். காஞ்சிப் பட்டு நெய்வோர் பலரும் குழித்தறியில் அமர்பவர்கள். தரையில் வெட்டிய குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு, வெறுங்காலால் மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். கையில் நாடா, கண்ணோ மயிரிழை போன்ற பாவின்மேல். உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் நெய்து, இழையோடு இழை பிணைக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். கூட ஓர் ஆளும் வேண்டும். ஆக, தறிக்காரருக்குப் பிழைப்பு என்பது கண்ணும் காலும். நீரிழிவு முதலில் கைவைப்பதும் பெரும்பாலும் அவ்விரண்டிலேதான்.

நண்பருக்கு நோய் இருப்பது தெரிந்து இரண்டு ஆண்டுகள் அவர் வெளியே சொல்லவில்லை. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த காலம். பரம்பரை வியாதி என்று சம்பந்தி வீட்டார் பின்வாங்குவர் என்னும் அச்சம். பாவு கொடுக்கும் முதலாளி, இவருக்குக் கண் மங்கிவிட்டது என்று எண்ணி நல்ல சேலைகளை வேறு தறிக்குத் தந்துவிடுவாரோ என்பது மற்றோர் அச்சம். வீட்டில் தெரிந்த பின்னரோ நாள்தோறும் வழக்கு. ஒரு வடை தின்றால் மனைவி ஓர் அதிகாரம் வாசிப்பார். மகன், "அப்பாவுக்கு வாயைக் கட்டத் தெரியாது" என்று வந்தவரிடமெல்லாம் சொல்வான். எனவே அவர் தெருமுனைக் கடையில் நின்று தின்னக் கற்றுக்கொண்டார். மாத்திரை தீர்ந்தாலும் சொல்லவில்லை. பரிசோதனைக்குப் போனால் எண் கூடியிருக்கும், ஏச்சுக் கேட்க வேண்டும் என்று போகவுமில்லை. ஓர் ஐப்பசி மாதம், மழைநீர் ஊறிய தறிக்குழியில் ஏதோ ஒரு சிராய் அவர் பாதத்தில் ஏறியது. தரையில் இரத்தத் தடம் கண்டு மனைவி அலறிய பிறகே அவருக்குத் தெரிந்தது. அப்போதும் மஞ்சள் அப்பிக்கொண்டு பத்து நாள் நெய்தார். இறுதியில் வலக்காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

மருத்துவமனைக் கட்டிலில் அவர் நம்மிடம் சொன்னார்: "வலிச்சிருந்தா காட்டியிருப்பேனே சாமி. வலிக்கவே இல்லையே."

இந்நோயின் வஞ்சகம் முழுவதும் அவ்வொரு பேச்சில் அடங்கியிருக்கிறது. மிகுந்த சர்க்கரை நாளடைவில் பாதத்தின் நரம்புகளைக் கெடுத்து உணர்ச்சியை அழிக்கிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுத்து விழித்திரையையும் சிறுநீரகத்தையும் அரிக்கிறது. இவற்றுள் எதுவும் தொடக்கத்தில் குரல் கொடுப்பதில்லை. பார்வை நன்றாயிருக்கும்போதே ஆண்டுக்கொருமுறை விழித்திரையைச் சோதிக்க வேண்டும் என்பதும், அன்றாடம் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தேனும் பார்க்க வேண்டும் என்பதும் இதனாற்றான். தானே குனிந்து பார்க்க இயலாத முதியவருக்கு வீட்டார் பார்க்க வேண்டும். ஏசுகிற வீட்டில் எவர் காலை நீட்டிக் காட்டுவார்?

மறைப்பதற்கு மக்கள் படும் பாடு வியப்புக்குரியது. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரைகள் வீட்டு வாயிலுக்கே வருகின்றன. ஆனால் சுகாதாரத் தொண்டர் வாயிலில் நின்றால் அண்டை வீட்டார் அறிவர் என்று, வேறு தெருவில் உள்ள தங்கை வீட்டில் போய் வாங்கிக்கொள்ளும் ஒரு தாயாரை நாம் அறிவோம்.

ஒழுங்காயிருந்தால் நோய் அணுகாது, அணுகியதால் ஒழுங்கில்லை என்று வாதிப்போருக்குச் சென்னையிலேயே விடை உண்டு. டாக்டர் எம். விஸ்வநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய காலம் முதல், இந்நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு அந்நகர் பெயர் பெற்றது. அங்கே டாக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2006இல் வெளியாயிற்று. நோயின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் முற்றியது. நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் விடாமல் ஊக்கி வளர்க்கப்பட்டவர்களில் அது நூற்றுக்கு 39 ஆகக் குறைந்தது. முயற்சி பயன் தரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. ஆயினும் அந்த 39 பேரை நினைத்துப் பாருங்கள். அவர்களும் நடந்தவர்களே, உணவைக் குறைத்தவர்களே.

இனி ஊசி. "இன்சுலின் போடச் சொல்லிவிட்டார்கள், கடைசிக் கட்டம்" என்று கண்ணீரோடு வந்து, நோயில்பூசுதல் கேட்டவரும் உண்டு. கனடாவின் டொராண்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவன் எலும்பும் தோலுமாய்க் கிடந்தான். அந்நாளில் அத்தகைய பிள்ளைகளுக்கு இருந்த மருத்துவம் பட்டினி ஒன்றே. 1922 சனவரியில், பேன்டிங், பெஸ்ட் முதலியோர் கண்டெடுத்த இன்சுலின் அவனுக்கு ஏற்றப்பட்டது. முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. மேலும் தூய்மைப்படுத்தி மறுமுறை ஏற்றியபின் பிழைத்தான், மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையைப் பல்கலைக்கழகத்திற்குத் தலைக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். இன்சுலின் வாழ்வு தருவதற்கு வந்த மருந்து. நாமும் மூன்று ஆண்டுகளாக இரவில் போட்டுக்கொள்கிறோம்; கொசுக்கடி இதைவிட வலிக்கும்.

ஊசியும் மாத்திரையும் பெரிதல்ல. பெரிது, இதற்கு விடுமுறை இல்லை என்பது. பெரிய திருநாளாயினும் துக்க வீடாயினும் ஒவ்வொரு கவளத்திற்கும் கணக்கு. எல்லாம் ஒழுங்காய்ச் செய்தும், உறக்கம் கெட்டதாலோ மனக்கவலையாலோ காலையில் எண் ஏறி நிற்கும். அப்போது வரும் சலிப்பை மருத்துவர்கள் மனச்சோர்வு நோயினின்று வேறுபடுத்தித் தனியே பேசுகிறார்கள். அதில் விழுந்தவரே மாத்திரையை நிறுத்துகிறார். அவரை ஏசுவது, பாரம் சுமப்பவன் தலையில் மேலும் ஒரு கல்லை வைப்பதாகும்.

வீட்டார் என்ன செய்யலாம்? தனி உலை வேண்டா. அவருக்கு மட்டும் இரண்டு சப்பாத்தி, மற்றவர்க்கு நெய்யும் மிளகும் மணக்கும் காஞ்சிபுரம் இட்லி என்று பந்தி பிரிப்பது கொடுமை. (நான்கு சப்பாத்தியும் சர்க்கரையை ஏற்றும், கேழ்வரகும் கூழாய்க் குடித்தால் விரைந்தே ஏற்றும். தானியத்தின் பெயரைவிட அளவே பெரிது.) சோற்றைக் குறைத்து, காயும் பருப்பும் சுண்டலும் கூட்டிய இலை வீட்டிலுள்ள அனைவருக்கும் ஆகும். நம் தறிக்கார நண்பர் வீட்டில் இப்போது அவ்வாறே உண்கிறார்கள். மாலையில் பேத்தி அவர் பாதங்களைப் பார்த்துச் சொல்கிறாள். அவர் மெல்லிய காலுறையும் மிதியடியும் அணிந்து, அரை நாள் நெய்கிறார். கோர்வை நெய்வதில்லை, எளிய சேலை மட்டும்.

நோன்பைப் பற்றியும் கேட்கிறார்கள். ஊசி போட்டுக்கொண்டு உண்ணாமலிருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டு, 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கியிருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பெரிய வெள்ளி வழிபாட்டில் இப்படித் தளர்ந்து விழுந்த ஒரு பாட்டியார், வாயருகே வந்த சர்க்கரை நீரை நோன்பு கெடும் என்று தள்ளினார். நோயாளிக்கு ஒருசந்திக் கடமை இல்லை. நற்கருணைக்கு முந்திய ஒரு மணி நேர நோன்பும், 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, நோயாளரையும் முதியோரையும் அவர்களைப் பேணுவோரையும் கட்டுப்படுத்தாது.

வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோர் ஆகஸ்டில் புறப்படத் தொடங்குவர். உணர்ச்சி மங்கிய கால், கொதிக்கும் தார்ச்சாலையில் வெந்து கொப்புளித்தாலும் அறியாது. வெறுங்காலோடு நடப்பதாய் நேர்ந்துகொண்ட நீரிழிவுக்காரர் நம் பங்கில் சிலர் இருக்கிறார்கள். தக்க காரணம் இருக்கையில் அத்தகைய நேர்ச்சையினின்று விடுவிக்கப் பங்குக் குருவுக்குச் சட்டம் அதிகாரம் தந்திருக்கிறது. புறப்படுமுன் பங்கு இல்லத்திற்கு வரட்டும். மாலை 6 மணிக்கு மேல் நாம் இருப்போம். வரும்போது, நடக்கவிருக்கும் செருப்பையும் கையோடு கொண்டு வரட்டும். உள்ளே ஆணி துருத்தியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து அனுப்புகிறோம்.