வீங்கிய தாடையும் ஒரு நாள் பேரும்

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்பது நம்மவர் பழமொழி. சொல் மட்டுமன்று, சில வேளைகளில் உயிரும் போய்விடும் என்பதை ஊவா மலைகளில் நம்மிற் பலர் இன்னும் உணர்ந்தாரில்லை. பல்வலி என்பது பொறுத்துக்கொள்ள வேண்டிய சிறு துன்பம் என்றே நாம் பழக்கப்பட்டிருக்கிறோம்.

பழக்கியது யாது? வறுமையும் தூரமும் அன்றோ! மடூல்சீமைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கடைவாய்ப் பல் வலிக்கிறது. பசறை வழியாகப் பதுளை வைத்தியசாலைக்குச் சென்று மீள ஒரு நாள் வேண்டும். சென்றால் அன்றைக்குப் பேர் விழாது. பேர் இல்லையேல் கூலி இல்லை. பஸ் செலவு வேறு. ஆகவே அவள் கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு மலையேறுகிறாள். ஆசிரியர்களாய் லயங்களில் பழகிய நாம் இதனைப் பலமுறை கண்டிருக்கிறோம். கன்னம் கண் வரை உப்பி, வாயைத் திறக்க இயலாத நிலையிலும் மூன்று நாள் வேலைக்குச் சென்ற ஒரு தொழிலாளியையும் கண்டோம். எச்சிலை விழுங்க முடியாமற் போன பிறகுதான் அவரை ஏற்றிச் செல்ல வண்டி தேடினார்கள். மருத்துவர்கள் கழுத்தைக் கீறிச் சீழை வடித்து அவரைக் காப்பாற்றினர்.

இது எவ்வாறு நேர்கிறது? பல்லின் வேரில் தேங்கும் சீழ் வழி தேடி ஓடும். கீழ்க்கடைவாய்ப் பல்லிலிருந்து அது நாவின் அடிக்கும் கழுத்துக்கும் இறங்குமாயின், வீக்கம் மூச்சுப் பாதையையே நெருக்கிவிடும். தாடைக்குக் கீழே பரவும் வீக்கம், காய்ச்சல், வாய் திறவாமை, விழுங்க முடியாமை, குரல் மாற்றம், மூச்சுத் திணறல் ஆகியவற்றைக் கண்டால் விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. நோயாளியைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். வீக்கத்திற்குச் சூடான ஒத்தடம் கொடுக்கலாகாது. 2016இல் தொடங்கிய 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவையை 1990 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நேரும் ஆபத்து வேறு. படிக்கட்டில் விழுந்த சிறுவனின் முன்பல் வேரோடு கழன்று வந்துவிட்டால், அதை எறிந்துவிடுவதே வழக்கம். எறியவேண்டியதில்லை. நிலைத்த பல்லாயின், வேரைத் தொடாமல் வெண்பகுதியைப் பிடித்தெடுத்து, மண் இருந்தால் தேய்க்காமல் ஒரு கணம் அலசி, உரிய குழியிலேயே பொருத்தி, துணியைக் கடித்துக்கொள்ளச் செய்யவேண்டும். இயலாவிடின் ஆறிய பசும்பாலில் இட்டு விரையவேண்டும். அரைமணி நேரத்துள் வைத்தால் பல் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. பாற்பல்லை மட்டும் மீண்டும் வைக்கலாகாது. பல் பிடுங்கிய இடத்தில் குருதி வடிந்தால் அடிக்கடி கொப்பளிப்பது கேடு. சுத்தமான துணியை மடித்து இருபது நிமிடம் எடுக்காமல் அழுந்தக் கடித்திருக்கவேண்டும். அதன் பின்னும் நில்லாவிடின் வைத்தியசாலைதான்.

இத்துணை எளிய அறிவு லயத்துக்கு வந்து சேராதது ஏன்? மலையகத்துப் பற்களை உலகம் அறியாததன்று. 1970ஆம் ஆண்டில் நோர்வே அறிஞர் ஹரால்ட் லோவும் அவர்தம் குழுவினரும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் இரண்டில் 480 ஆண் தொழிலாளரின் வாயை ஆராய்ந்தனர். 1985 வரை திரும்பத் திரும்ப வந்து பார்த்தனர். பல்துலக்கும் பழக்கமோ பல் மருத்துவமோ எட்டாத மக்கள் என்பதே அவர்களைத் தேர்ந்தமைக்குக் காரணம். மருத்துவம் இல்லாவிடின் ஈறுநோய் தானாக எவ்வாறு வளர்கிறது என்பதை அங்கே காண முடிந்தது. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்தும், 81 பேருக்கு மிதமாகவும் வளர்ந்தது. 11 பேருக்கு வளரவில்லை என்று 1986இல் வெளியிட்டனர். இக்கணக்கை இன்று உலகெங்கும் பல் மருத்துவ மாணவர் படிக்கின்றனர். அந்த அறிவு பல நாட்டு நோயாளருக்குப் பயன்பட்டது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எவருடைய இல்லாமையிலிருந்து அது பிறந்ததோ, அவர்தம் லயத்துக்கு ஒரு பல் மருத்துவர் எத்தனை தடவை வந்தார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டன்றோ?

நிற்க. உரிமையைக் கேட்டுப் பெறும்வரை தாடை வீங்காமல் காத்திருக்காது. மாதம் ஒரு நாள் பல் மருத்துவர் தோட்டத்துக்கு வரவேண்டும். அவசர நோயில் வைத்தியசாலை செல்வோரின் பேர் வெட்டப்படலாகாது. இவற்றைத் தொழிற்சங்கங்கள் தம் கோரிக்கைகளில் சேர்க்கட்டும். ஆசிரியரும் மாணவரும் செய்யக்கூடியது இன்னொன்று. மேலே சொன்ன அடையாளங்களைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிப் பிள்ளைமடுவச் சுவரிலும் கொழுந்து மடுவத்திலும் ஒட்டுவோம். எழுத்தறியாத மூதாட்டிக்கு வாயாற் சொல்வோம். வலியைப் பொறுப்பது பெருமையன்று என்று சொல்வதிலிருந்து அப்பணி தொடங்கட்டும்.