பதினெட்டு மாதங்கள்



திருமணமாகி ஏழு ஆண்டுகளாக எங்களுக்குக் குழந்தை இல்லை. நீர்க்கட்டியும் 118 கிலோ எடையுமே காரணம் என்றார்கள். ஆகவே வ. புதுப்பட்டியிலிருந்து மதுரைக்குச் சென்று, தனியார் மருத்துவமனை ஒன்றில் எடைக்குறைப்புக்கான பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டோம். ‘நாங்கள்’ என்று எழுதினாலும், கத்தி பட்டது மனைவியின் வயிற்றில்தான்.

வீடு திரும்பும்போது தந்த தாளில், பதினெட்டு மாதங்களுக்குக் கருத்தரிக்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. எடை வேகமாகக் குறையும் அக்காலத்தில் இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் பி12-உம் குறைந்துபோகும். வயிற்றுப் பிள்ளையின் வளர்ச்சி பாதிக்கப்படலாம். “புள்ளைக்காகத்தானே இந்த ஆப்பரேசன்? இப்ப அதையே வேணாங்கிறீங்களே!” என்றார் மாமி. எங்களிடம் பதில் இல்லை.

எடை இறங்க இறங்க, ஆண்டுக்கணக்கில் தடுமாறிய ஹைள் நாள் தவறாமல் வரத் தொடங்கியது. கருத்தரிக்கும் வாய்ப்பும் அதனுடன் திரும்பிவிடும் என்பதை அறிந்து, மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரை வாங்கினோம். இரண்டாம் மாதம் மாத்திரை முடிந்தும் ஹைள் வரவில்லை. ஏழாண்டுகள் எந்தச் செய்திக்காக துஆ செய்தோமோ, அதே செய்திக்கு அன்று அஞ்சினோம். பரிசோதனையில் கரு இல்லை என்று தெரிந்தது, அல்ஹம்துலில்லாஹ். அந்த வார்த்தையைச் சொல்லும்போதே அழுகை வந்தது.

பரிசோதித்த செவிலியர்தான் முதலில் கேட்டார்: “என்ன ஆப்பரேசன் பண்ணீங்க?” பைபாஸில் உணவு சிறுகுடலின் முற்பகுதியைத் தொடாமல் செல்வதால், மாத்திரை முழுமையாக உறிஞ்சப்படாமல் போகலாம், அதை நம்பியிருக்கக் கூடாது. இரைப்பையை மட்டும் சுருக்கும் ‘ஸ்லீவ்’ முறைக்கு இந்தத் தடை பொதுவாக இல்லை. மதுரையில் இதை எவரும் எங்களிடம் சொல்லவில்லை; நாங்களும் கேட்கவில்லை.

அரசு மருத்துவமனைகளில் காப்பர்-டியும், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ ஊசியும் இலவசம். ஆனால் காப்பர்-டி உதிரப்போக்கைக் கூட்டக்கூடும். ஊசி எலும்பின் அடர்த்தியைக் குறைக்கக்கூடும். மனைவிக்கு ஏற்கெனவே இரத்தசோகை. எனவே ஹார்மோன் வளையத்தை மருத்துவர் பரிந்துரைத்தார். விரும்பும்போது எடுத்துவிடலாம்.

கூச்சத்துடன்தான் ஹஜ்ரத்திடம் கேட்டோம். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் தோழர்கள் ‘அஸ்ல்’ செய்துவந்ததை ஜாபிர் (ரலி) அறிவித்திருப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது என்றார். மனைவியின் உயிரைக் காக்க விரும்புவதை இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா’வில் ஏற்றிருப்பதையும் எடுத்துரைத்தார். இருவரும் இசைந்து, தற்காலிகமாக என்றால் தடையில்லை. நிரந்தரக் கருத்தடையின் சட்டம் வேறு.

மாமியின் மனம் இதனால் இளகியது என்று சொல்ல முடியாது. இரத்தப் பரிசோதனைத் தாளில் 8.6 என்ற எண்ணைக் காட்டி விளக்கியபோதுதான் மௌனமானார். இப்போது காலையில் இரும்புச்சத்து மாத்திரையையும், இரவில் கால்சியம் மாத்திரையையும் மறக்காமல் எடுத்துக் கொடுப்பவர் அவரே. கொடுக்கும்போதெல்லாம், “இன்னும் எத்தனை மாசம்?” என்று கேட்கிறார். இன்னும் ஐந்து.