சீட்டுக்குப் பின்னால் பாட்டில்

அயர்ன்மேன் ட்ரையத்லானில் 3.8 கிலோமீட்டர் நீச்சலுக்கும் 42.2 கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் நடுவே 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும். உடலுக்குத் தேவையான நீரையும் உப்பையும் சர்க்கரையையும் நிதானமாக உள்ளே அனுப்ப இந்த நடுப்பகுதிதான் தோது. ஓட ஆரம்பித்தபின் வயிறு அவ்வளவாக இடம் கொடுக்காது. 1978-இல் ஹவாயின் ஓவாஹு தீவில் நடந்த முதல் போட்டியில் அவரவர் துணையாட்களே தண்ணீர் கொடுத்து வந்தார்கள். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாரின் ஆட்களிடம் ஓட்டத்தின்போது தண்ணீர் தீர்ந்துபோக, அவர் பீர் குடித்து ஓடினார். இன்று வழியெங்கும் தண்ணீர் நிலையங்கள் உண்டு. ஆனாலும் ஒரு நிலையத்திலிருந்து அடுத்தது வரைக்கும் சைக்கிள்தான் சுமந்தாக வேண்டும்.

காற்றுத்தடையைக் குறைக்க ஒல்லியாக வடித்த சைக்கிள் சட்டத்தில் பாட்டிலுக்கு இடம் குறைவு. அதனால் கைகளுக்கு நடுவே ஒன்று, சட்டத்தில் ஒன்று, மீதி சீட்டுக்குப் பின்னால் என்று வழக்கமாகிவிட்டது. பின்னால் வைத்ததை ஓட்டுபவரின் உடலே காற்றிலிருந்து மறைத்துவிடும். ஆனால் பாட்டில் தெறித்து விழுவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

குண்டும் குழியுமான சாலையில் பேருந்தின் கடைசி இருக்கைதான் அதிகம் தூக்கிப்போடும். இங்கும் நடப்பது அதுவே. சீட்டின் அடிக்கம்பிகளில் ஒரு முனை மட்டும் பிடித்து, மறுமுனை அந்தரத்தில் நீளும் தாங்கி, பின்சக்கரம் வாங்கும் அடியைப் பெரிதாக்கித் தருகிறது. மேலே போன தாங்கி சட்டென்று இறங்கும்போது, 800 கிராமுக்கு மேல் எடையுள்ள 750 மில்லி பாட்டில் மேல்நோக்கியே போகப் பார்க்கும். சட்டத்தின் சாய்ந்த குழாயில் கிடக்கும் பாட்டிலுக்கு அடி குறுக்கே விழுகிறது. பின்னால் நிமிர்ந்து நிற்பதற்கோ அது வெளியேறும் திசையிலேயே விழுகிறது. பாட்டிலைக் கவ்வி நிற்கும் கேஜின் பிடி ஒன்றுதான் தடை.

விழுந்தால் இழப்பு ஓட்டுபவருக்கு மட்டுமல்ல. வயதுப் பிரிவுப் போட்டியாளர்கள் 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது அயர்ன்மேனில் நெடுநாள் விதி. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு விநாடி போதும். உருண்டு வரும் பாட்டிலைப் பார்த்து விலக, பின்னால் வருபவருக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவே. பின்னால் மாட்டும் கேஜைத் தேர்ந்தெடுக்கும்போது எடையைவிடப் பிடியை முன்னால் வைக்க வேண்டியது இதனால்தான்.

பொதுவான கேஜ்களின் போல்ட் துளைகள் 64 மில்லிமீட்டர் இடைவெளியில் இருப்பதால் எதையும் எதிலும் மாட்டிவிடலாம். சட்டத்தில் நன்றாக உழைத்த லேசான கேஜைப் பின்னால் மாட்ட ஆசை வருவதும் இதனாலேயே. பின்னால் வேண்டியது வேறு. எக்ஸ்லேப் நிறுவனத்தின் கொரில்லா போன்ற கார்பன் கேஜ்கள் இந்த வேலைக்கென்றே இறுக்கமாகச் செய்யப்பட்டவை. பாட்டிலை உருவக் கொஞ்சம் பலம் வேண்டும். துருப்பிடிக்காத எஃகு, டைட்டானியக் கேஜ்களுக்கு வேறொரு நன்மை: பிடி தளர்ந்தால் கையாலேயே லேசாக வளைத்து இறுக்கிக்கொள்ளலாம். கார்பனை அப்படி வளைக்க முடியாது.

கேஜை மட்டும் பார்த்து முடிவு செய்வது அரைவேலை. தாங்கி ஆடினால் எந்தக் கேஜும் தோற்கும். தாங்கியின் நீட்சி குறைவாகவும் பாட்டில் சீட்டை ஒட்டியும் இருப்பது நல்லது. இரண்டு பாட்டில் மாட்டும் தாங்கியில் முனையில் தொங்கும் எடை இரட்டிப்பாகிறது. ஒன்று போதுமானால் ஒன்றோடு நிற்பதே மேல். உலோக அடிக்கம்பிகள் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் உருண்டை. கார்பன் கம்பிகள் 7-க்கு 9 என்ற அளவில் நீள்வட்டம். உருண்டைக்கான பிடியை நீள்வட்டத்தில் முடுக்கினால் கம்பியே விரிசல் காணலாம். போல்ட்டுகள் அதிர்வில் தளர்வதால் போட்டிக்கு முன் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம்.

பாட்டிலை நிமிர்த்தாமல் சாய்த்துவிட்டால் அடியின் திசையும் வெளியேறும் திசையும் வேறாகிவிடும். ஆனால் உயரமாகத் துருத்தினால், ஓடிவந்து ஏறும்போது கால் தட்டும். குனிந்த நிலையிலேயே கை பின்னால் போய்த் தடவி எடுக்கவும் வர வேண்டும். ரப்பர் வளையத்தால் கட்டிவைப்பது மலிவான, பலனுள்ள வழி. எடுப்பதும் வைப்பதும் மட்டும் தாமதமாகும்.

வீட்டுப் பாட்டிலோடு ஒழுங்காக இருந்த கேஜ், தண்ணீர் நிலையத்தில் தரும் மெல்லிய, ஈரமான பாட்டிலை நழுவவிடலாம். பாட்டிலின் கழுத்துப் பள்ளத்தில் கேஜின் நாக்கு உட்காராவிட்டால் பிடி பாதியாகிவிடும். எனவே போட்டியில் தரப்படும் அதே வகைப் பாட்டிலை முழுக்க நிரப்பி, அருகிலுள்ள மோசமான சாலையில், போட்டி வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதில் தேறிய பிறகும், மணிக்கணக்கில் தேவைப்படும் கெட்டியான சர்க்கரைக் கரைசலைச் சட்டத்தில் வைத்து, பின்னால் வெறும் தண்ணீரை வைப்பதே பாதுகாப்பு. தண்ணீர் போனால் அடுத்த நிலையத்தில் கிடைக்கும், கரைசல் கிடைக்காது.