மார்கழியில் பதுளைக்கு

பின்லாந்து தேசத்தின் மிகப் பழைய நகரமாகிய தூர்க்குவில் உத்தியோக நிமித்தம் வாழ்கின்ற என் தமக்கை மகன், மார்கழி விடுமுறையில் ஊருக்கு வரப்போவதாகவும், தன்னோடு வேலை செய்கின்ற அந்நாட்டு நண்பர் ஒருவரையும் அழைத்து வருவதாகவும், பதுளையையும் அதன் சுற்றுப்புறத்தையும் இரண்டே நாளில் காட்டிவிடும்படி ஒரு திட்டம் வகுத்துத் தரவேண்டுமென்றும் எழுதியிருந்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த கோட்டையையும், 1300-ஆம் ஆண்டில் பிரதிஷ்டை செய்யப்பெற்ற பேராலயத்தையும் தினமும் பார்த்துப் பழகிய ஒருவரைப் பழைமையைக் காட்டி அசத்த முடியாது. குளிரைக் காட்டி மிரட்டுவதோ அதைவிட முடியாத காரியம். அந்த ஊரில் மார்கழிப் பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. ஆகவே அங்கே குளிர்காலத்தில் ஊர் பார்க்கப் புறப்படுகிறவர்கள் வெளிச்சத்தைக் கணக்குப் பார்த்துப் புறப்படுகிறார்கள். நமக்கு அந்தக் காலத்திலும் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்றே குறைந்த பகல் இருக்கிறது. நாம் கணக்குப் பார்க்க வேண்டியது மழையை.

சுற்றுலாக்காரருக்கென்று எழுதப்படும் கைந்நூல்கள் மார்கழியும் தையும் இலங்கையைப் பார்ப்பதற்கு உகந்த மாதங்கள் என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன. தென்கரைக்கும் மேல்கரைக்கும் அந்தத் தீர்ப்புப் பொருந்தும், பதுளை அடங்கிய ஊவாவுக்குப் பொருந்தாது. ஐப்பசி தொடங்கி மார்கழி முடிய வங்கக்கடலிலிருந்து வருகின்ற வடகீழ்ப் பருவக்காற்று, தன் பாரத்தையெல்லாம் கொண்டுவந்து இறக்கிவைப்பது இந்தக் கிழக்குச் சரிவுகளின் மேல்தான். மேற்குச் சரிவிலுள்ள ஹற்றன் பக்கத்தில் வானம் வெளுத்துக் கிடக்கும் நாட்களில்கூடப் பசறையிலும் லுணுகலையிலும் மடூல்சீமையிலும் மழை நசநசவென்று தூறிக்கொண்டேயிருக்கும். ஊவாத் தேயிலையின் சிறப்பை நாவால் அறிய வருகிறவருக்கும் இது காலமன்று. உலகச் சந்தையில் அதற்குத் தனிப்பெயர் வாங்கித் தந்த அந்த மணம், ஆடி ஆவணியில் மலையிடுக்குகளினூடே வறண்டு வீசுகின்ற கச்சான் காற்று கொழுந்தை வாட்டுவதனால் உண்டாவது. தைப்பொங்கல் கழிந்து வானம் வெளிவாங்கியபின் வருவதே உத்தமம் என்று எழுதிப் பார்த்தேன். விடுமுறை கிறிஸ்மஸோடு முடிந்துவிடுகிறது, மாமா, என்று பதில் வந்தது.

ஆகவே மழையை அனுசரித்தே திட்டம் அமைந்தது. அதன் முதல் விதி, பார்க்க வேண்டியவற்றைக் காலையில் வைத்துக்கொள்வது. விடிந்து சில நாழிகை வரையில் மலைகள் தெளிந்து நிற்பதும், பிற்பகலில் மூட்டம் போட்டுக்கொள்வதும் இக்காலத்தில் பெரும்பாலும் நிகழ்கின்ற வழக்கம். இரண்டாவது விதி, வானம் விடாமல் கொட்டுகிற நாளில் மலைப்பாதைகளில் வீரம் காட்டாமலிருப்பது. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி கொஸ்லந்தைக்கு அருகில் மீரியபெத்தைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் மண்சரிவில் புதையுண்டு போனதை இந்தப் பக்கத்தில் எவரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை வந்துவிட்டால், அன்று எங்கும் புறப்படாமல் இருப்பதே உத்தமமான பிரயாணம்.

கொழும்பிலிருந்து இரவுத் தபால் வண்டியில் வந்தால் ஒரு பகல் மிச்சமாகும் என்று மருமகன் எழுதியிருந்தான். அதை நான் ஒப்பவில்லை. கடல்மட்டத்திலிருந்து 1,898 மீட்டர் உயரத்தில் பட்டிப்பொலைக்கருகே சிகரத்தைக் கடந்து, அப்புத்தளையில் ஒருபுறம் பள்ளம் சட்டென்று விழ, தியத்தலாவையையும் பண்டாரவளையையும் தாண்டி இறங்குகின்ற அந்தப் பாதையை இருட்டில் கடப்பது பணத்தைக் கொடுத்து உறக்கத்தை வாங்குவதாகும். பொடி மெனிக்கேயோ உடரட்ட மெனிக்கேயோ, பகல் வண்டிதான் ஏற்றது. பத்து மணி நேரம் போகும், போகட்டும். புகையிரதம் 1894-இல் பண்டாரவளைக்கு வந்துவிட்டது. அங்கிருந்து பதுளைக்கு வந்து சேர்ந்ததோ 1924-இல். இடையே கழிந்த முப்பது ஆண்டுகளுக்கும் காரணம் என்னவென்று எல்லயைத் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் தெரியும்.

எல்லக்கும் தெமோதரைக்கும் நடுவில் ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. 1921-இல் கட்டிமுடிக்கப்பட்டது, 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம், உருக்குச் சட்டமின்றிக் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாகவே எழுந்தது. அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காகவே உலகத்தின் நாலா திசையிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். எனக்கோ, அதற்கடுத்த தெமோதரை நிலையத்தின்மேல்தான் மோகம். நிலையத்தை விட்டுப் புறப்பட்ட வண்டி ஒரு குன்றைச் சுற்றி வளைந்து, தான் சற்றுமுன் நின்ற அதே நிலையத்துக்குக் கீழேயுள்ள சுரங்கத்தில் நுழைந்து வெளியே வருகிறது. பள்ளத்தில் எப்படி இறங்குவதென்று அறியாமல் திகைத்து நின்ற பொறியியலாளர், தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டியதைப் பார்த்துவிட்டு இந்த உபாயத்தைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. மெய்யோ பொய்யோ, இந்தப் பாதையின் சரித்திரத்தில் நம்மவர் ஒருவர் தலையைக் காட்டுகிற இடம் அது ஒன்றுதான் என்பதனால், வருகிறவர்களுக்கெல்லாம் அதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

எல்லயில் இறங்கிவிட்டால் பதுளை பார்த்ததாகாது. பெரும்பாலோர் இறங்கிவிடுகிறார்கள். வண்டி அதன்பின் காலியாகி, ஹாலிஎலயைக் கடந்து, நாற்புறமும் மலை சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் வந்து நிற்கிறது. பதுளையின் உயரம் 680 மீட்டர்தான். மேலே 2,036 மீட்டரில் நமுனுகுல மலை முகில் போர்த்துக்கொண்டு நிற்கிறது. 1630-இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா இந்த ஊரைச் சூறையாடித் திரும்புகையில் ரந்தெனிவெலையில் தன் சேனையோடு மாண்டான். 1886-இல் ஊவா தனி மாகாணமானபோது இதுவே அதன் தலைநகராயிற்று. ஊர் நடுவே முதியங்கனை விகாரையின் வெண்ணிறத் தாதுகோபம். இலங்கைப் பௌத்தர்கள் போற்றும் பதினாறு புனிதத் தலங்களில் ஒன்று. சிறிது தூரத்தில் கதிர்காமத் தேவாலயம். முருகன் என்ற உரிமையோடு நம்மவர்கள் அங்கே செல்வதுண்டு.

இவற்றைவிட நின்று பார்க்க வேண்டியதென்று நான் குறித்துவைத்தது பரி. மாற்கு ஆலயம். ஊவாவில் தெருக்கள் அமைத்த அதிகாரியும், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று சொல்லப்படுகிறவருமாகிய மேஜர் றொஜர்ஸ், 1845-இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அவர் ஞாபகார்த்தமாக 1857-இல் எழுந்தது இந்த ஆலயம். அந்த மரணம் யானைகளின் சாபம் என்று ஊரில் சிலர் சொல்வார்கள். அவருக்கு ஓர் ஆலயமே கிடைத்தது. அதே காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, காட்டு வழியே நடந்து வந்து, கோப்பிக்கும் பின்பு தேயிலைக்கும் இந்த மலைகளைத் திருத்தியவர்களில், வழியிலேயே விழுந்து மடிந்தவர்களின் பெயரை எழுதிவைத்த கல் ஒன்றை நான் இந்த ஊரில் கண்டதில்லை.

இரண்டாம் நாளை ஒரு தோட்டத்தில் தொடங்குவது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மார்கழியின் விசேஷம் அங்கேதான் இருக்கிறது. பசறை வழியிலோ ஸ்பிரிங்வெளிப் பக்கத்திலோ, விடிவதற்கு வெகுநேரம் முன்பே மாரியம்மன் கோயிலில் மணி அடிக்க, கம்பளிக்குள் முகம் புதைத்த பிள்ளைகளும் சுருதிப்பெட்டிக்காரரும் தாளக்காரரும் லயம் லயமாகப் பஜனை பாடிக்கொண்டு வருவார்கள். ஈரம் காயாத வாசலில் அப்பொழுதுதான் போட்ட கோலத்தைத் தூறல் கரைத்துக்கொண்டிருக்கும். இஸ்தோப்பில் வைத்த விளக்கைக் காற்றுக்கு மறைத்துக் கையைக் குவித்துக்கொண்டு ஒரு பெண் நிற்பாள். பஜனை முடிந்து சுண்டல் கை மாறிய சிறிது நேரத்துக்குள், அதே பெண்கள் இடுப்பில் படங்கு சுற்றி, கூடையைத் தலையில் மாட்டி, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போய்விடுவார்கள். மழை அதற்கு விலக்கல்ல. நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கும்படி எழுதினேன்: கோட்டையைப் போலவோ பாலத்தைப் போலவோ லயம் ஒரு காட்சிப் பொருளல்ல, அது குடியிருப்பு; படம் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டும், கொடுக்கும் தேத்தண்ணீரை மறுக்கக் கூடாது. இந்த வாழ்வை எழுத்தில் அறிய விரும்பினால், ஊவாகட்டவளையில் பிறந்து, தாம் ஆசிரியராயிருந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன் வைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப்பின் கதைகளை மருமகன் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லலாம்.

துன்ஹிந்த அருவி ஊருக்கு மிக அருகில். 64 மீட்டர் உயரம். மார்கழியில் தண்ணீர் செம்மண் கலந்து பெருக்கெடுத்து விழுவதனால் கீழே எழும் நீர்ப்புகையில் அருவியே சில வேளை மறைந்துபோகும். பாதை வழுக்கும், அட்டை ஏறும். சவர்க்காரமும் உப்பும் கொண்டுபோனால் போதும், பயப்பட ஒன்றுமில்லை. மழை விடாத பட்சத்தில் அருவியைக் கைவிட்டு ஓட்டோ பிடித்துப் போகொடைக்குப் போவதென்று வைத்திருக்கிறேன். பதுளையையும் கண்டியையும் இணைத்த பழைய வழியில் ஓர் ஓயாவின்மேல் பல நூற்றாண்டுகளாக நிற்கின்ற மரப்பாலம் அது, ஓட்டுக்கூரை வேய்ந்தது. தூரத்தை எண்ணிப் பார்த்தால் சிறிய பாலந்தான். ஆனால் மேலே மழை கொட்ட, கீழே ஆறு இரைய, நடுவே நனையாமல் உட்கார்ந்திருக்கும்படி அமைந்த இடம் ஊவாவில் வேறொன்று எனக்குத் தெரியாது. இவ்விரண்டுக்கும் ஒரே நாளில் போகப் பார்க்க வேண்டாம் என்று அடிக்கோடிட்டு எழுதினேன்.

ஒரு பகலை எல்லக்கு ஒதுக்கலாகாதா என்று மருமகன் கடைசியாகக் கேட்டான். வேண்டாமென்றேன். போகும்போதும் வரும்போதும் வண்டி அதன் வழியாகத்தானே போகிறது. மேலும், திரும்பும் நாளில் பதுளையிலேயே ஏறிவிட்டால், வண்டி புறப்படும் இடமாதலால் ஆற அமர ஜன்னலோரமாக உட்கார்ந்துகொள்ளலாம். எல்லயில் ஏறுகிறவர்கள் நானுஓயா வரைக்குமாவது நிற்கத் தயாராயிருக்க வேண்டும்.