பட்டறையில் ஒரு பந்தயக் குதிரை

புளியங்குடிக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் உள்ள சம்பந்தம் ஊரறிந்தது. புளியங்குடிக்கும் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பாதைக்கும் சம்பந்தம் உண்டென்று நாம் சொன்னால் நேயர்கள் சிரிக்கக்கூடும். திருமங்கலம் - கொல்லம் நெடுஞ்சாலையில் மாலை ஆறு மணிக்குமேல் நின்று பார்த்தவர்கள் மட்டும் சிரிக்க மாட்டார்கள். பழ லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே புகுந்து நம் வாலிபர்கள் பறக்கும் பறப்பில் எத்தனை பெற்ற வயிறுகள் பற்றி எரிகின்றன என்பது, இருபது வருஷமாக உபாத்தியாயர் உத்தியோகம் பார்த்துவரும் நமக்கு நன்றாகத் தெரியும்.

அவ்வாறு பறந்தவர்களில் நம்மிடம் பௌதிகம் படித்த பையன் ஒருவன், சென்ற வருஷம் வீடு தேடி வந்தான்.

"ஸார், செட்டிபாளையத்திலே 'டிராக் டே' நடக்குது. பழைய வண்டி ஒண்ணு வாங்கியிருக்கேன். அம்மாகிட்டே நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்" என்றான்.

'டிராக் டே' என்பது பந்தயம் அல்ல. பரிசும் இல்லை, கோப்பையும் இல்லை. கட்டணம் செலுத்தியவர்களைச் சிறு கூட்டங்களாகப் பிரித்து, மூடிய பாதையில் கால் மணியோ இருபது நிமிஷமோ ஓட்ட விடுவார்கள். எதிரே லாரி வராது. குறுக்கே எருமை வராது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்துப் பாதை, 1995-ஆம் வருஷம் விமான விபத்தில் மறைந்த காரிவர்தனின் பெயரைத் தாங்கியது. குறைந்த செலவில் பந்தயக் கார்களை உருவாக்கிக் காட்டியவர் அவர். அதற்கும் முன்னோடி சோழவரம். இரண்டாவது உலக யுத்தத்தில் விமானங்களுக்காகப் போட்ட தளத்தில், 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் பந்தயங்கள் நடத்தினார்கள். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதையே ஏற்பட்டுவிட்டது.

பையனுடைய தாயார் எலுமிச்சை மண்டியில் பழம் தரம் பிரிக்கிறவர். நாம் இந்தச் சரித்திரத்தையெல்லாம் எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்த அம்மாள் ஒரே கேள்வி கேட்டார்:

"அங்கே ஓட்டினா, இங்கே ஓட்டுறதை நிறுத்திருவானா ஸார்?"

பதில் சொல்ல நமக்கு வாய் எழவில்லை. பதில் பட்டறையில்தான் கிடைத்தது.

வண்டி பதினைந்து வயதான 150 சி.சி.; விலை 18,000 ரூபாய். பையன் முதலில் கேட்டது சத்தம் போடும் சைலன்ஸர். பட்டறை அண்ணாச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "குதிரைக்கு முதல்லே கடிவாளம்; கொள்ளு அப்புறம்" என்று சொல்லி, எஞ்சினைத் தொடாமல் பிரேக்கைப் பிரித்தார். நமது கட்சியும் அதுவே. வேகம் இரட்டித்தால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நாலு மடங்காகும் என்று இதே பையனுக்கு நாம் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறோம். அந்தச் சக்தி முழுவதும் சூடாகிறது. பிரேக் ஆயிலோ காற்றிலுள்ள ஈரத்தை நாளடைவில் குடித்துவிடும் குணமுள்ளது. ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் ஆவிக் குமிழ் உண்டாகும், குமிழ் அமுங்கும், கைப்பிடி அடிவரைக்கும் வரும், வண்டி நிற்காது. அண்ணாச்சி வெளியே எடுத்த பழைய ஆயில் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது.

அடுத்தது டயர். அதன் பக்கவாட்டில் நாலு இலக்கங்கள் இருக்கும். '0914' என்றால் 2014-ஆம் வருஷத்து ஒன்பதாவது வாரத்தில் பிறந்தது என்று அர்த்தம். பள்ளம் தேயாவிட்டாலும் வயதான ரப்பர் இறுகிவிடும். வளைவில் தரையைப் பிடிக்காது. இரண்டையும் மாற்றினோம். செயின், முன் போர்க்கின் ஆயில், ஹாண்டில் பாரின் பேரிங், விட்டவுடன் தானே திரும்ப வேண்டிய ஆக்ஸிலேட்டர் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று.

நம்மை மிகவும் கவர்ந்தது ஒரு சின்ன வேலை. எஞ்சின் ஆயிலை வடிக்கும் போல்ட்டின் தலையில் ஊசித்துளை போட்டு, மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டினார்கள். போல்ட் கழன்று ஆயில் பாதையில் சிந்தினால் விழப்போகிறவன் பெரும்பாலும் பின்னால் வருகிறவன். முகம் தெரியாத ஒருவனுக்காக அந்தப் பையன் ஒன்றரை மணி நேரம் குனிந்து உட்கார்ந்து துளையிட்டதை நாம் கண்ணால் கண்டோம். நெடுஞ்சாலையில் அவனிடம் இந்தக் குணத்தை நாம் கண்டதில்லை.

பிறகு கழற்றும் வேலை. விழுந்தால் உடைந்து சிதறும் ஹெட்லைட், கண்ணாடிகள், இண்டிகேட்டர், வளைவில் தரையில் இடிக்கும் ஸ்டாண்டுகள், நம்பர் பலகை. எல்லாம் ஒரு கோணிப்பைக்குள் போயின. எடை குறைந்தது, செலவு ஒரு காசில்லை.

பணமில்லாதவன் வேகத்தை நாடுவது உலகத்துக்குப் புதிதல்ல. நியூஜிலாந்துக்காரர் பர்ட் மன்றோ 1920-ஆம் வருஷத்து வண்டியொன்றை ஆயுள் முழுவதும் தட்டிச் செப்பனிட்டார். பிஸ்டன்களைக்கூடப் பழைய டப்பாக்களை அச்சாக வைத்துத் தாமே வார்த்தார். 1967-இல், அறுபத்தெட்டாவது வயதில், அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் அதை மணிக்கு 180 மைலுக்குமேல் ஓட்டிச் சாதனை படைத்தார். இதைச் சொன்னபோது அண்ணாச்சி, "அவர் பட்டறைக்கு வாடகை உண்டா ஸார்?" என்று மட்டும் கேட்டார்.

ஆயில், டயர், செயின் என்று 14,000 ரூபாய் ஆயிற்று. தோல் உடுப்பு வண்டியைவிட விலை அதிகம். அதை வாடகைக்கு எடுத்தான். ஹெல்மெட்டில் மட்டும் சிக்கனம் கூடாதென்று நாம் பிடிவாதம் பிடித்தோம்.

கண்ணிழந்த வண்டி சாலையில் போக முடியாதாகையால், 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிரயாணத்தை மினி லாரியில் படுதா போர்த்திக்கொண்டு செய்தது. செட்டிபாளையத்துப் பரிசோதகர் ஆக்ஸிலேட்டரைத் திருகிவிட்டுப் பார்த்தார், குனிந்து கம்பி முறுக்கைத் தொட்டார், தலையசைத்தார். முதல் இருபது நிமிஷம் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றிய பையன் வெகுநேரம் பேசவில்லை. "நம்ம ஊர்லே நான்தான் வேகம்னு நினைச்சேன் ஸார். எனக்கு வளைவே எடுக்கத் தெரியலை" என்றான் கடைசியில்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை பணம் சேர்த்துப் போய்வருகிறான். மற்ற நாட்களில் ஊருக்குள் அவனுக்குச் சைக்கிள்தான். வண்டி பட்டறை மூலையில் நிற்கிறது. அவன் தாயார் காலையில் மண்டிக்குப் போகும் வழியில் தினந்தோறும் பட்டறைக்குள் எட்டிப் பார்த்து, ஹெட்லைட் கோணிப்பைக்குள்ளேயே இருக்கிறதா என்று அண்ணாச்சியிடம் விசாரித்துவிட்டுத்தான் போகிறாராம்.