மொரேங்கும் எங்கள் ஊர் அடிமுறையும்

ஊரிலிருந்து யார் போன் பண்ணினாலும் ஒரு கேள்வி உண்டு. "பையன் படிப்பு தவிர வேற என்ன கத்துக்கிறான்?" கராத்தே, செஸ், கீபோர்டு என்று ஏதாவது சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும். "மொரேங்" என்று சொன்னால் முடியாது. நெடுமங்காட்டு அத்தைக்கு அது 'மோர்' என்றுதான் காதில் விழுந்தது. "மோரா? அதுல கத்துக்க என்ன இருக்கு?" என்றார் :-)

மோர் இல்லை அத்தை, சண்டை. ஆனால் கொட்டு இல்லாமல் நடக்காத சண்டை.

இங்கே ரீயூனியன் தீவில் அதை இப்படித்தான் ஆடுகிறார்கள். ஆட்கள் வட்டமாக நிற்பார்கள். ஒரு ஓரத்தில் ரூலேர் இருக்கும். பழைய ரம் பீப்பாயில் மாட்டுத்தோல் இழுத்துக் கட்டிய பெரிய கொட்டு அது. அடிப்பவர் குதிரை மேல் உட்காருவது போல அதன் மேலேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் அடிப்பார். பக்கத்தில் கயாம்ப். கரும்புப் பூத்தண்டுகளை வரிசையாகக் கட்டி உள்ளே விதை போட்ட தட்டையான பெட்டி. முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி அதை ஆட்ட வேண்டும். ஒருவர் கிரியோலில் பாட்டெடுப்பார், சுற்றி நிற்பவர்கள் திருப்பிப் பாடுவார்கள். இரண்டு பேர் வட்டத்துக்குள் வருவார்கள். கை வேலை குறைவு, கால்தான் எல்லாம். குதிகாலைச் சுழற்றி வீசுவது, கையைத் தரையில் ஊன்றித் தலைகீழாகப் புரள்வது, எதிராளியின் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் காலை நிறுத்துவது. கொட்டு முறுக்கினால் ஆட்டமும் முறுக்கும். பிரேசில்காரர்களின் கபோய்ராவைப் பார்த்தவர்களுக்கு இது அதற்குத் தம்பி மாதிரித் தெரியும்.

இந்தத் தீவுக்குப் பூர்வகுடி என்று யாரும் கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறும்போது இங்கே ஆளே இல்லை. மற்ற எல்லோரும் கப்பலில் வந்தவர்கள், பெரும்பாலும் கொண்டுவரப்பட்டவர்கள். மடகாஸ்கரில் மொரைங்கி என்று ஒரு கைச்சண்டை இன்றும் உண்டு. அங்கிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் அடிமைகளாக வந்தவர்கள் தங்கள் உடம்போடு கொண்டுவந்ததுதான் இங்கே மொரேங் ஆனது. 1848 டிசம்பர் 20-ஆம் தேதி இங்கே அடிமை முறை ஒழிந்தது. அதற்குப் பிறகும் ஒரு நூறு வருஷம் கரும்புத் தோட்டங்களில் ஆடியிருக்கிறார்கள். 1950-கள் வாக்கில் நின்றே போய்விட்டது.

திரும்ப எழுப்பியது ழான்-ரெனே திரெய்னாஸா என்கிற மனிதர். கையும் காலும் சேர்த்து அடிக்கிற பிரெஞ்சு பாக்ஸிங்கில் சாம்பியனாக இருந்தவர். 1990-களில் கிழவர்களின் ஞாபகத்தில் மிச்சமிருந்ததைத் திரட்டி, விதிமுறை வகுத்து, கிளப், பயிற்சி, போட்டி என்று கொண்டுவந்தார். எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா இதை ஒப்புக்கொள்ள மாட்டார். "என் அப்பா காலத்துல இவ்வளவு குட்டிக்கரணம் கிடையாது, இது டிவிக்காக ஆடறது" என்பார். இருக்கலாம். ஆனால் சனிக்கிழமை சாயந்திரம் அவருடைய பேத்தியும் அந்த வட்டத்தில்தான் நிற்கிறாள்.

அந்தத் தாத்தாவின் குடும்பப் பெயர் தமிழ், முதல் பெயர் பிரெஞ்சு. அடிமை முறை ஒழிந்ததும் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே! புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். 1860-ல் பிரிட்டிஷ்காரர்களோடு ஒப்பந்தம் போட்டு இன்னும் நிறையப் பேரை ஏற்றினார்கள். 1882-ல் பிரிட்டிஷ் அரசு அதை நிறுத்தியது. பெரும்பாலும் தமிழர்களான இவர்களுக்கு இங்கே பெயர் 'மல்பார்', அதாவது மலபார்க்காரர்கள். எனக்கு இதில் ஒரு தனி வேடிக்கை. திருவனந்தபுரம் பள்ளிக்கூடத்தில் நான் 'பாண்டிக்காரன்'. சென்னைக்கு வேலைக்குப் போனால் 'மலையாளத்தான்'. இந்துமகா சமுத்திரத்தைத் தாண்டி வந்தால் 'மல்பார்'. தமிழன் என்று கூப்பிட இன்னும் ஏதாவது நாடு பாக்கி இருக்கிறதா தெரியவில்லை. இவர்களுடைய கோயில் கொட்டுகளுக்கு இன்றும் மத்தலோன், உல்க்கே என்றுதான் பெயர். மத்தளமும் உடுக்கையும் தேய்ந்து போனது, ஆனால் தொலைந்து போகவில்லை.

இனி எங்கள் ஊர். வித்துரா தெரியாதவர்களுக்கு: பொன்முடிக்குப் போகிற வழி. அகஸ்தியர்கூடம் ஏறுகிறவர்கள் போணக்காடு போவதும் எங்கள் ஊர் வழியாகத்தான். 1,868 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில்தான் அகத்தியர் இருக்கிறார் என்று நாங்களும் நம்புகிறோம், காணிக்காரர்களும் நம்புகிறார்கள். காணிக்காரர்களிடம் கொக்கரை என்று ஒரு வாத்தியம் உண்டு. பற்கள் வெட்டிய இரும்புக் குழல், அதை இன்னொரு இரும்புக் கம்பியால் உரசுவார்கள். உடம்பு சுகமில்லாதவருக்காக அவர்களுடைய பிலாத்தி ராத்திரி உட்கார்ந்து கொக்கரையோடு சாற்றுப் பாட்டுப் பாடுவார். கயாம்ப் சத்தத்தை இங்கே முதல் தடவை கேட்டபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அடிமுறையையும் அகத்தியர் பேரில்தான் சொல்வார்கள். மலையாளத்தில் தெக்கன் களரி. 'பட்டாஸ்' படம் 2020-ல் வந்த பிறகு பெயராவது வெளியே தெரிந்தது. என் பெரியப்பா இளவயதில் களியக்காவிளைப் பக்கம் ஒரு ஆசானிடம் கற்றவர். சுவடுகள் முதலில், பிறகு தடுப்பு, கம்பு, கடைசியில் வர்மம். 12 படுவர்மம், 96 தொடுவர்மம், ஆக 108. அடிக்கத் தெரிந்தவனுக்கு இளக்கவும் தெரிய வேண்டும், அதனால் ஆசான் என்றால் வைத்தியரும்தான். பெரியப்பாவிடம் சுளுக்குக்கும் எலும்பு முறிவுக்கும் ஆள் வராத நாள் கிடையாது. சண்டை கற்க வந்தவர்களை மட்டும் வருஷக்கணக்கில் முற்றம் பெருக்க வைத்து, குணம் பார்த்து, பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிட்டார். எண்பது வயதாகிறது. முழுசாக வாங்கிக்கொண்டவர் ஒருவரும் இல்லை.

போன லீவில் வித்துராவில் இருந்தபோது பையன் முற்றத்தில் மொரேங் காட்டினான். பெரியப்பா திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டே பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "கொட்டு உண்டுன்னு சொன்னியேடே, எங்க?" என்றார். ரப்பர் பால் எடுக்கிற வாளியை எடுத்துக் கவிழ்த்துவைத்து அவரே தட்ட ஆரம்பித்தார். நாலைந்து நிமிஷம் ஆனதும் நிறுத்திவிட்டு, "மக்களே, கால் தூக்குறது கொள்ளாம். நிக்குத கால் பொய்யா இருக்கு" என்று எழுந்து வந்தார். ஒற்றைச் சுவடு போட்டுக் காட்டினார். முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டும், பாரம் எங்கே இறங்க வேண்டும் என்று. முற்றம் பெருக்கச் சொல்லவில்லை!

அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பையன் விடுவானா? "அந்த வர்மம் ஒண்ணே ஒண்ணு காட்டுங்க தாத்தா" என்றான். "அது வேண்டாம்" என்று போய் உட்கார்ந்துவிட்டார்.

அவரைப் பிடிவாதக்காரர் என்று அப்பா சொல்வார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு விரலால் ஆளைச் சாய்க்கிற வித்தையைச் சனிக்கிழமை கிளப்பில் முப்பது பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியாது. மொரேங்கைப் பிழைக்க வைத்தவர்கள் அதன் பல்லைக் கொஞ்சம் ராவித்தான் பிழைக்க வைத்தார்கள். ஆனால் சுவடுக்கும் கம்புக்கும் அந்த ஆபத்து இல்லையே. அதையாவது வர்மத்திலிருந்து பிரித்து, ஒரு கொட்டு வைத்து, வித்துரா பள்ளிக்கூட மைதானத்தில் பெண்பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் சொல்லித்தந்தால் என்ன? பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "கொட்டடிச்சு ஆடினா அது ஆட்டம்லா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆட்டம்னாலும் கால் உறைக்கும்" என்றும் சொன்னார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் என் வேலையைப் பற்றிக் கேட்பதில்லை. போன வாரம் கேட்டது இது: "கால் வீசும்போ அவனுவ மூச்சு உள்ளயா வெளியயா? அந்த ஆசான்ட்ட கேட்டுச் சொல்லு." கேட்டேன். பையனின் மாஸ்டர் நெற்றியைச் சுருக்கி, அங்கேயே இரண்டு தடவை காலை வீசிப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறார்.